போனை வைக்காதீங்க, சித்ரா வருது

ஜெகதாப்பட்டினத்தில் அந்த வீட்டு வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. எட்டு ஜோடி ஆண்களுடையவை, ஒன்று பெண்ணுடையது. எல்லாமே போதகர்களின் செருப்புகள். வீட்டுக்காரியின் செருப்பும் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். எங்களுடையவற்றுக்கு அடியில் அது இருக்கும் இடம் தெரியவில்லை.

உள்ளே நுழையும்போதே எனக்கு அது உறுத்தியது. அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் இந்தப் பெண் எதைப் போட்டுக்கொண்டு ஓடும்?

நான் அப்படித்தான். மற்றவர்களுக்கு வராத கவலை எனக்கு முதலில் வந்துவிடும்.

ஒற்றை அறை வீடு. மூலையில் நீல வலை சுருட்டி வைத்திருந்தது. சுவரில் அம்மன் படம், அதன் கீழே மகள் பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய இரண்டு கோப்பைகள். வெளியே காயப்போட்ட கருவாட்டின் வாசம் உள்ளேயும் இருந்தது. பாயில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். என் முழங்காலைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

வீட்டுக்காரி பெயர் சித்ரா. வயது நாற்பதுக்குள் இருக்கும். கணவர் கருப்பையா விசைப்படகில் கடலுக்குப் போனவர். படகையும் ஆட்களையும் அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பிடிக்கும்போது படகு மோதியதில் யாரோ ஒருவருக்குப் பலத்த அடி என்று ஊருக்குள் செய்தி வந்திருந்தது. அந்த ஒருவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. படகில் போனது ஐந்து பேர். ஐந்து வீட்டிலும் உலை கொதிக்கவில்லை.

"பணங்காசு ஒண்ணும் வேணாம்யா. அவரு குரலக் கேட்டாப் போதும். ஒரு வார்த்த. யாருக்கு அடின்னு தெரியாம சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

நாங்கள் தலையாட்டினோம். ஒன்பது தலை ஒரே நேரத்தில் ஆடியது.

எங்களில் குரல் பெருத்தவர் அறந்தாங்கி ஜெபக்குமார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபிப்போமா?" என்றார். பிறகு, எந்தப் போதகருக்கும் யோசிக்காமலே வாயில் வந்துவிடும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"அம்மா, அந்தப் போனை மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சிருங்க. நடுவுல இடைஞ்சல் வேணாம்."

சித்ரா மடியில் இருந்த பட்டன் போனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். வந்தவர்கள் பெரிய மனிதர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

போன் அணையும்போது ஒரு சின்ன இசை வந்தது. அது நின்றதும் கண்ணை மூடினோம்.

தலை எண்ணும் தொழில்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "ஐயா, நீங்க எதுக்கு எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

தொழில் அப்படி. போதகர் வேலையில் பிரசங்கம் பாதி, எண்ணுவது பாதி. ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் பெஞ்சுகளின் மேல் போய்வரும். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, மடியில் தூங்கும் பிள்ளைகள் இத்தனை. தூண் மறைவில் இருப்பவரை எண்ண ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்வேன். "நீங்க ஆசீர்வாதம் சொல்றப்ப கூட ஒங்க ஒதடு கணக்குப் போடுது" என்று என் மனைவி சொல்வாள்.

முதலில் என்னை அனுப்பிய இடம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னச் சபை. முப்பத்தொரு பேர். நடவுக் காலத்தில் பதினொன்று. அந்தப் பதினொன்றைப் பார்த்து நான் சோர்ந்து நின்ற ஞாயிறுகள் உண்டு. மீதி இருபது பேர் எங்கே என்று கேட்டால் வயலில். நான் வயலுக்குப் போனேனா என்றால், போகவில்லை. அவர்கள் வருவதற்காகக் கோயிலில் காத்திருந்தேன். அப்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். மணி அடிக்க வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

பிறகு அறந்தாங்கி. அங்கே எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜெபக்குமார் ஒரு சபை தொடங்கினார். கீபோர்டு, டிரம்ஸ், பெரிய ஸ்பீக்கர். என்னிடமிருந்து மூன்று குடும்பங்கள் அங்கே போயின. பதினாலு தலை. எங்கள் வட்டாரத்தில் இதற்கு ஆடு திருடுவது என்று பெயர். ஒரு போதகர் இன்னொரு போதகரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கடுமையான வார்த்தை அது. நான் அவரைப் பற்றிப் பல இடங்களில் சொன்னேன். அவர் காதுக்கும் போயிருக்கும்.

நான் ஓய்வுபெற்றுப் புதுக்கோட்டைக்கு வந்த பிறகும் அந்தப் பதினாலு என் மனதில் நின்றது.

திங்கட்கிழமைக்காரர்கள்

ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். திங்கள்தான் விடுமுறை. புதுக்கோட்டை டவுனில் ஒரு சபையின் போதகரான எஸ்தர்தான், அந்தத் திங்கட்கிழமைகளில் மாதத்துக்கு ஒன்றை எடுத்து எங்களை ஒன்றாக உட்கார வைத்தார்.

வயது ஐம்பதைத் தொடாதவர். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் எங்களுக்குக் குழப்பம். 'ஐயா' என்று சொல்ல முடியாது. 'அம்மா' என்றால் போதகரின் மனைவியைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. "பாஸ்டர்னே கூப்புடுங்க. ஒங்களுக்கெல்லாம் அதுதானே பேரு?" என்று அவரே முடித்து வைத்தார்.

வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த ஒன்பது பேர். தெருவில் எதிரெதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனவர்கள். மண்டபச் சுவரில் ஒரு பேனர்: 'அருட்பணிக்காக அனுப்பப்பட்ட சபையும் அதன் தலைமைத்துவமும்'. பேனரில் அது இரண்டு வரி பிடித்தது. வாயில் சொன்னால் மூச்சு வாங்கியது. பொருள் சுருக்கமானதுதான்: சபை என்பது ஆட்கள் வந்து சேரும் இடம் மட்டும் இல்லை, ஊருக்குள் அனுப்பப்படுகிற கூட்டமும் அதுதான். ஊர் எந்த வலியில் இருக்கிறதோ அங்கே போய் நிற்கப் போதகர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு சபையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கேட்க எளிதாக இருந்தது.

எஸ்தர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம்: "ஒங்க சபையில இல்லாத ஒரு வீட்டுக்குப் போங்க. துண்டுப் பிரசுரம் கூடாது, போதனை கூடாது. ஒரு டீ குடிச்சுட்டு, அவங்க சொல்றதக் கேட்டுட்டு வாங்க."

அடுத்த மாதம் வந்து உட்கார்ந்தோம். யாராலும் முடியவில்லை. ஒருவர் டீ வரும் முன்பே பைபிளைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டார். ஒருவர் கேட்கத்தான் தொடங்கினார், கேட்டது போதும் என்று பாதியில் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் போன வீட்டில் டீ மட்டும் குடித்தேன். ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எஸ்தர் கேட்டபோது, அந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்றுதான் நினைவில் இருந்தது.

"சரி. எல்லாரும் சேந்தே ஒரு வீட்டுக்குப் போவோம். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்" என்றார் எஸ்தர்.

அப்போதுதான் மோசஸ் வாய் திறந்தார். ஜெகதாப்பட்டினத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் உள்ள ஒரு சபையின் போதகர். மற்ற நாளில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "எங்க தெருவுல ஒரு அக்கா இருக்கு. சபைக்கெல்லாம் வராது. வீட்டுக்காரர அங்கிட்டு புடிச்சுக்கிட்டாங்க" என்றார்.

இப்படித்தான் அந்தப் பதினெட்டுச் செருப்பு சித்ராவின் வாசலுக்கு வந்தது.

ஒன்பது ஜெபம்

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

ஒரே ஒருவர் ஜெபித்து முடித்திருக்கலாம். ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. பல போதகர்கள் கூடிய இடத்தில் ஒருவரை ஜெபிக்கச் சொல்லி இன்னொருவரை விட்டுவிட்டால் அது மனத்தாங்கல். மூத்தவரில் தொடங்கி வரிசையாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பிந்தி ஜெபிப்பவர், முந்தி ஜெபித்தவரைவிடக் குறைவாக ஜெபித்தால் அவருக்கு உற்சாகம் இல்லை என்று ஆகிவிடும். அதனால் ஜெபம் போகப்போக நீளும்.

முதலில் நான். வரிசை சுற்றி வந்தது. எல்லோரும் ஒன்றையே வேறு வேறு வார்த்தையில் கேட்டோம். கருப்பையாவின் குரலை இந்த மகள் கேட்கும்படி செய்யும். அந்த ஓசை இந்த வீட்டில் ஒலிக்கட்டும். ஜெபக்குமார் கேட்டபோது வெளியே கோழிகள் சிதறி ஓடின.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம். சித்ரா போனை உயிர்ப்பித்தாள். மறுபடி அதே சின்ன இசை. அதைத் தொடர்ந்து, குறுஞ்செய்தி வரும் ஓசை இரண்டு முறை.

பார்த்தாள். மோசஸிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். போன் அணைந்திருந்த நேரத்தில் ஒரு எண்ணிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்திருக்கிறது. எண் 94 என்று தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கத்து எண்.

திருப்பி அழைத்தார்கள். ஒரு ஆள் எடுத்தார். யாருடைய போனோ. கருப்பையா என்று ஒருவர் வாங்கிப் பேச முயன்றார், எடுக்கவில்லை என்றதும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், இனி எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்றார். அடிபட்டவர் யார் என்று மோசஸ் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. அதன் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.



சித்ரா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜெபக்குமாரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"ஒம்பது பேரும் அவரு குரலக் கேக்க வையின்னுதானே கேட்டீங்க? அது வந்துச்சு. நீங்கதான் அணைக்கச் சொல்லிட்டீங்க."

வெளியே வந்து எங்கள் செருப்பை எடுத்த பிறகுதான் அவளுடையது கண்ணில் பட்டது. பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு. ஒன்று குப்புறக் கிடந்தது. எஸ்தர் குனிந்து இரண்டையும் நேராக வைத்தார்.

வேனில் ஜெபக்குமார் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். அறந்தாங்கி வரை அந்தக் குரல் எழும்பவே இல்லை. என் பழைய எரிச்சலுக்கு அது இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. எனக்கு அவரைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. இரவு சாப்பிட்டாரா, சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று மனைவியிடம் புலம்பினேன்.

"போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் அவள்.

"எடுக்கலைன்னா?"

"ஒங்களுக்கு எடுத்தாலும் கவல, எடுக்காட்டியும் கவல."

ஒத்திகை

வழக்கமாக மாதம் ஒருமுறை கூடும் நாங்கள் அடுத்த திங்களே கூடினோம். எஸ்தர் பலகையில் எதுவும் எழுதவில்லை.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார்.

ஒருவர் அரிசி மூட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்றார். ஒருவர் உபவாச ஜெபம் வைக்கலாம் என்றார். சொன்ன உடனே அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மோசஸ் நிலவரத்தைச் சொன்னார். சித்ராவுக்கு இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. கொட்டகைக்குத் தகரக் கூரை, உள்ளே சிக்னல் எடுக்காது. கையெல்லாம் ஐஸ் தண்ணீர். போனை உள்ளே கொண்டுவரவும் விடமாட்டார்கள். வேலைக்குப் போகாமல் போனை வைத்துக்கொண்டு உட்கார வழியில்லை. மகள் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். தெருவில் மற்றப் பெண்களுக்கும் அதே கொட்டகைதான் வேலை. அதனால் பகல் முழுக்க அந்தப் போன் ஆளில்லாத வீட்டில் கிடக்கிறது.



"நான் போயி ஒக்காந்திருக்கேன்" என்றார் ஜெபக்குமார். ஒரு வாரமாகப் பேசாத தொண்டை கரகரத்தது. "கொட்டகைக்கு வெளியில. போனை வச்சுக்கிட்டு. அடிச்சா அந்தப் பொண்ணக் கூப்புடுறேன்."

அவர் ஒருவரே எல்லா நாளும் போக முடியாது. இரண்டு இரண்டு பேராகப் போவது என்று முறை வைத்தோம். எஸ்தர் ஜோடி பிரித்தார். "பெரிய ஐயாவும் ஜெபக்குமார் பாஸ்டரும்" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்டுக் கதை அவருக்கும் தெரியும்.

பிறகு ஒன்று சொன்னார்: "அழைப்பு வந்தா என்ன பேசுவீங்க? இங்கேயே பேசிக் காட்டுங்க." கரும்பலகை டஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டார். "நான்தான் கருப்பையா. எவன் போனையோ வாங்கிப் பேசுறேன். ஹலோ!"

ஜெபக்குமார் எழுந்து நின்றார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பிரதர். அறந்தாங்கியிலருந்து பாஸ்டர் ஜெபக்குமார்..."

"வச்சுட்டேன்."

"என்னத்த?"

"போனை. எம் பொண்டாட்டி போனை எவனோ எடுத்து ஸ்தோத்திரம்ங்கிறான். பயந்து வச்சுட்டேன். அடுத்த ஆளு."

மணமேல்குடிப் போதகர், "அன்புள்ள சகோதரரே, நீங்கள் திடன்கொள்ளுங்கள்" என்றார்.

"வச்சுட்டேன்."

என் முறை வந்தது. கருப்பையாவுக்குச் சந்தேகம் வரக்கூடாது, முழு விவரமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "வணக்கம். நான் ஒரு ஓய்வுபெற்ற போதகர். வயது எழுபத்தாறு. உங்கள் மனைவியின் அனுமதியின்பேரில்..."

"ஐயா, ஜெயில்ல இருக்கவருக்கு ஒங்க வயசு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபக்குமாரும் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவை.

ஒவ்வொருவராக மறுபடி மறுபடி சொன்னோம். ஒவ்வொரு சுற்றிலும் சில வார்த்தைகள் உதிர்ந்தன. பெயர் போனது. ஊர் போனது. ஸ்தோத்திரம் போனது. பிரசங்கத்தை நீட்டத்தான் வேதாகமப் பள்ளியில் படித்திருக்கிறோம். சுருக்க யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் ஜெபக்குமார்தான் டஸ்டரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"போனை வைக்காதீங்க, சித்ரா வருது."

எஸ்தர் டஸ்டரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "வைக்கல" என்றார். "நிக்கிறேன்."

ஒன்பது பேரும் அதைச் சேர்ந்து சொன்னோம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்வதுபோல.

ஐஸ் பிளாண்ட் எதிரில்

கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளாண்ட். அதன் எதிரில் ஒரு பூவரச மரம், அடியில் சிமென்ட் மேடை. சிக்னல் நன்றாக எடுக்கும் இடம் அது. காலையில் வேலைக்குப் போகும்போது சித்ரா போனை எங்களிடம் கொடுப்பாள். சாயங்காலம் வாங்கிக்கொள்வாள். முதல் நாள் கொடுத்தபோது அவள் ஜெபக்குமாரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சார்ஜ் இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். சார்ஜர் இரண்டு கொண்டுபோனேன். திரையின் மூலையில் பேட்டரிக் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஐஸ் பிளாண்டில் கட்டி உடைக்கும் மிஷினை ஓட்டுபவர் காதர். அந்த மிஷின் ஓடினால் பக்கத்தில் பேசுவது கேட்காது. அவர் மிஷினைவிடச் சத்தமாகப் பேசக்கூடியவர்.

"என்ன பாஸ்டரு, இன்னைக்கு ஒங்க டூட்டியா? மாத்தி மாத்தி வந்து ஒரு போனக் காக்குறீங்க. அதென்ன தங்கத்துல செஞ்சதா?"

"இல்ல பாய், சாதாப் போன்தான்" என்றார் ஜெபக்குமார்.

"அப்பறம் எதுக்கு? ஆள் சேக்கவா? இங்கிட்டு அதெல்லாம் நடக்காது, சொல்லிட்டேன்."

"ஆள் சேக்க வரல பாய்."

"அப்ப எதுக்குத்தான் வாரீங்க?"

ஜெபக்குமார் யோசித்தார். ஒரு மணி நேரம் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. "போன எடுக்க" என்றார்.

காதர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு டீ வந்தது.

எங்கள் முறை வந்த மூன்று நாளும் வெயிலும் உப்புக்காற்றும்தான். போன் அடிக்கவில்லை. ஒரு தடவை அடித்தது, எடுத்தால் ஏதோ கம்பெனி விளம்பரம். சித்ரா உணவு நேரத்தில் கொட்டகை வாசலுக்கு வந்து எங்களைப் பார்ப்பாள். நாங்கள் தலையை ஆட்டுவோம், இல்லை என்று. உள்ளே போய்விடுவாள்.

நான்காவது முறை போன அன்று, மேடையில் உட்கார்ந்திருக்கும்போது ஜெபக்குமார் தானாக ஆரம்பித்தார்.

"ஐயா, ஒங்ககிட்ட இருந்து வந்த அந்த மூணு குடும்பம்..."

"பதினாலு பேரு" என்றேன்.

"ஆமா. அதுல ரெண்டு குடும்பம் இப்ப எங்கிட்டயும் இல்ல."

"எங்க போயிட்டாங்க?"

"திருப்பூருக்கு வேலைக்குன்னு சொன்னாங்க. வாடகை குடுக்க முடியலையாம். நான் போயிப் பாக்கல ஐயா. அவங்க போனதே எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். ஸ்பீக்கர் சத்தத்துல தெரியல."

பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்தேன். ஒன்று மிஞ்சியது. அவர் பக்கம் தள்ளினேன்.

"போயிப் பாப்போம்" என்றேன். "ரெண்டு பேரும்."

அவர் பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். அப்போது போன் அடித்தது.

கொட்டகை வாசல்

94.

நான் அவசரமாக எடுக்கப் போனதில் போன் மடியிலிருந்து நழுவியது. ஜெபக்குமார் அதைத் தரையில் விழாமல் பிடித்தார். பச்சைப் பட்டனை அழுத்தினார்.

"ஹலோ? ஹலோ, யாரு?" ஒரு ஆண் குரல், பதற்றத்தோடு.



"போனை வைக்காதீங்க, சித்ரா வருது."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து ஓடினார். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, போனை இரண்டு கையாலும் முட்டையைப்போல ஏந்திக்கொண்டு. கொட்டகைக்குப் போகும் வழி முழுக்க உருகிய ஐஸ் தண்ணீர். வழுக்கினார், விழவில்லை. ஒரு செருப்பு காலிலிருந்து தெறித்து ஓடைக்குள் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

"சித்ரா! ஏ சித்ரா!"

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலுக்கு வந்திருந்தாள். இரண்டு கையிலும் இறால் ஓடு ஒட்டியிருந்தது. போனை வாங்க நீட்டிய கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கச் சேலையைத் தேடினாள். ஜெபக்குமார் காத்திருக்கவில்லை. போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பேசுவது தன் காதில் விழக்கூடாது என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க... நான்தாங்க. யாருக்குங்க அடி? ஒங்களுக்கா?"

ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன? என்ன சொல்றீங்க?" என்று கத்தினாள். அவள் கண் மிஷின் பக்கம் போனது.

மிஷின் நின்றது. காதர் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

"காலா? எந்தக் காலு?... தையலா? எத்தன தையல்?... பொய் சொல்லாதீங்க. நடக்குறேன்னு சொன்னா நான் நம்பணுமா?" அவள் குரல் உடைந்தது. "எங்க, நடங்க பாப்போம். போனைக் கீழ புடிச்சுக்கிட்டு நடங்க. நான் கேக்குறேன்."

கொட்டகைக்குள் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். வாசலில் வந்து நெருக்கி நின்றார்கள். பாத்திரம் ஒன்றும் ஓசையிடவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ கோயில்களில் நின்று "அமைதியாக இருப்போம்" என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

அந்தச் சின்னப் போனிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் நடப்பது கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. காலடிச் சத்தத்தை நான்கு வரை எண்ணினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சரி... போதும். போதும், நில்லுங்க. வலிக்கப் போவுது" என்றாள் சித்ரா. இப்போதுதான் அழுதாள்.

மகளைப் பற்றி ஏதோ சொன்னாள். சாப்பிட்டாரா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும், ஏனென்றால் சட்டென்று நிமிர்ந்து ஜெபக்குமாரைப் பார்த்தாள். அவர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனைப் பிடித்த கையை அசைக்காமல் நின்றார்.

"யாரு எடுத்ததா?" என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஆளுகதான்."

அதோடு இணைப்பு போய்விட்டது.

கருப்பையாவும் மற்ற நால்வரும் மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்தார்கள். படகு வரவில்லை. அதுவரை எங்கள் முறை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைய சாயங்காலத்தை எழுதாமல் முடிக்க முடியாது.

காதர் ஒரு கம்பியை வைத்து ஓடையைக் கிளறினார். செருப்பு கிடைக்கவில்லை. "புதுசு ஒண்ணு வாங்கித் தரவா பாஸ்டரு?" என்றார். ஜெபக்குமார் வேண்டாம் என்று சிரித்தார். ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினோம். எங்கள் இருவர் காலிலும் சேர்த்து மூன்று. கண்டக்டர் அவர் காலையும் வெள்ளைச் சட்டையில் இருந்த சேற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கொடுத்தார்.

ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். கடல் தென்னைகளுக்கு இடையே விட்டுவிட்டுத் தெரிந்தது.

"ஐயா, அந்தப் பொண்ணு கடைசியா என்ன சொல்லுச்சு, கேட்டீங்களா?"

அவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர். நான் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

"கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"நம்ம ஆளுகதான்னு சொல்லுச்சு."

தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா" என்றார்.

மீமிசல் வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.